கரண்டு டாக்டர்

ரோட்டில் யாராவது முட்டியை மடக்காமல் இடுப்பை வளைத்துப் பாரம் தூக்கினால் கரண்டு டாக்டரால் சும்மா தாண்டிப் போக முடியாது. சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிடுவார். காஸ் சிலிண்டர் போடுகிற ஆளோ, பால் கேன் ஏற்றுகிறவரோ, மண்டியில் மல்லாட்டை மூட்டை சுமக்கிறவரோ, முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

"தள்ளி நின்னு தூக்காதீங்க. பக்கத்துல போங்க. முட்டிய மடக்கி உக்காருங்க. நெஞ்சோட அணைச்சிக்கினு தொடையால எழுந்திருங்க. இடுப்பு பாரம் தூக்கறதுக்கு இல்ல, நிமிர்ந்து நிக்கறதுக்கு."

சொல்வதோடு விடமாட்டார். தானே தூக்கிக் காட்டுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர் பாதியில் எழுந்துபோய்ச் சமையல்காரரிடம் இதையே சொன்னார். அந்த ஆள் சாம்பார் அண்டாவின் காதைப் பிடித்தபடி, இது கொதிக்குதே சார், நெஞ்சோட எப்படி அணைக்கிறது என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார். கழியைக் கோத்து இரண்டு பேராகத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு, கழி வரும்வரை அங்கேயே நின்று, அண்டா இடம் மாறியதைப் பார்த்த பிறகுதான் இலைக்குத் திரும்பினார். ரசம் ஆறிப்போயிருந்தது. அவருடைய மனைவி என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். இவரைக் கட்டிக்கொண்டு நான் எத்தனை ரசத்தை ஆறவிட்டிருக்கிறேன் பார் என்கிற சிமிட்டல் அது.

திருவண்ணாமலையில் அவரைக் கரண்டு டாக்டர் என்றால்தான் தெரியும். பிசியோதெரபி என்கிற வார்த்தை அப்போது ஊரில் யாருடைய வாயிலும் நுழையவில்லை. வலிக்கிற இடத்தில் நான்கு ரப்பர் பட்டைகளை வைத்துக் கட்டி, எறும்பு ஊர்கிற மாதிரி கரண்டு விடுகிற மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. ஜனங்கள் அதற்காகத்தான் வந்தார்கள். அவருக்கோ அந்தப் பெயர் பிடிக்காது. கரண்டு வலியை ஒரு மணி நேரம் மறக்க வைக்கும், சரிபண்ணுவது நீங்கள்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர்களும் தலையாட்டிவிட்டு, இன்னும் அஞ்சு நிமிஷம் கரண்டு வைங்க சார் என்பார்கள்.

திருவூடல் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், தரைத்தளத்தில் கிளினிக் இருந்தது. பஜாரை ஒட்டி மாடியில் நல்ல இடம் கிடைத்தும் வேண்டாமென்று விட்டவர். முட்டிவலிக்காரரை மாடி ஏறவைத்து வைத்தியம் பார்ப்பதா என்று கேட்பார். மாவட்டம் பிரிந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. ஊரில் ஆபீசுகளும் லாட்ஜுகளும் பெருகிக்கொண்டிருந்தன. நான் அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்கு வருவேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். பெண் நோயாளிகளுக்கு ஒத்தடம் வைப்பது, மூட்டுவலிக்குப் போடுகிற மெழுகை உருக்குவது, கார்டு எழுதுவது என் வேலை.

கார்டு என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் போடுவது. பேர், ஊர், வயசு, என்ன தொழில், எங்கே வலி, எவ்வளவு நாளாக. அதற்குக் கீழே நான்கு கேள்விகளை அவர் தனியாகக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ராத்திரி படுத்தால் வலி ஜாஸ்தியாகி எழுப்புகிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா? ஜுரம் வருகிறதா? கால் மரத்துப்போகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று சொன்னாலும் நான் கார்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். கோடு போட்ட கார்டு உள்ளே போனால் அந்த நோயாளி மேல் சார் கை வைக்கவே மாட்டார். படம் எடுத்துக்கொண்டு, ரத்தம் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதிவிடுவார். சாதாரண வலி அசைந்தால் வலிக்கும், படுத்தால் குறையும். படுத்தும் குறையாத வலி நம்முடையது இல்லை, அதை வேறு யாராவதுதான் பார்க்க வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மற்ற வலிகள் எல்லாம் அவருடையவை. அவற்றை அவர் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரு பக்கத் தொடையிலிருந்து கால்வரை இழுக்கிறது என்று வந்த ஆட்டோக்காரர் பெஞ்சில் உட்காருவதற்குள், பின்பாக்கெட்டில் இருக்கிற பர்சை எடுத்து வெளியே வையுங்கள் என்றார். கதைப்புத்தகம் அளவுக்குத் தடிமனான பர்ஸ். லைசென்ஸ், சாமி படம், ரசீதுகள் எல்லாம் அதற்குள். பத்து மணி நேரம் ஒரு பக்கம் மட்டும் கல்லின் மேல் உட்காருகிற மாதிரிதான் என்று விளக்கினார். இரண்டு வாரத்தில் அந்த ஆள் வந்து பூசணிக்காய் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். தோள் தூக்க முடியாமல் வந்த ரிட்டயர்டு வாத்தியார் சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறினார். தினமும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். ஈரத்துணி பிழிந்து பிழிந்து முழங்கை போனவளுக்கு, குழாயில் துணியை மாட்டி முறுக்குவதற்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் யாரும் அவரிடம் முழுதாகப் பேசி நான் பார்த்ததில்லை. பாதி சொல்வதற்குள் மீதியை அவர் சொல்லிவிடுவார். எனக்குக் காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் என்று ஆரம்பித்தேன். ஆணி குத்தற மாதிரி இருக்கும், பத்தடி நடந்தா கம்மியாயிடும், வெறுந்தரையில நின்னு சமைக்கறீங்க, சோடா பாட்டில்ல தண்ணி ஊத்தி உறைய வச்சு பாதத்துக்கு அடியில உருட்டுங்க, எழுந்திருக்கறதுக்கு முன்னாடி படுக்கையிலயே துண்டைப் போட்டு முன்பாதத்தை இழுங்க என்று முடித்துவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில், எங்கள் ஊர் முனையில், நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஐஸ் பெட்டியும் போட்டுச் சாயங்காலமே உட்கார்ந்துவிடுவார். சுளுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஐஸ் வைப்பார். சுடுதண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டால், முதல் ரெண்டு நாளைக்குச் சூடு ஆகாது, தேய்க்கவும் கூடாது, கட்டுப்போட்டுக் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள் என்பார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவர்களைச் சுவரில் கை ஊன்றிக் காலைப் பின்னால் நீட்டி நிற்கச் சொல்வார். பதினாலு கிலோமீட்டர் நடக்க வருகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு மாசமாவது பால் பாக்கெட் வாங்கவாவது நடந்திருக்க வேண்டாமா என்று எல்லோரையும் திட்டுவார். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே நொண்டிப் போவார்கள். அவருடைய மனைவி தூக்குவாளியில் டீ கொண்டுவருவார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வேங்கிக்காலில் ஒரு அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஆபீஸ் முடிந்ததும் பஸ் பிடித்து நேராகக் கிளினிக்குக்கு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்காருவார். சார் கடைசி நோயாளியைப் பார்த்து முடிக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. என் பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக்காரர் கோபம், மாமியார் சண்டை எல்லாம் அந்த பெஞ்சில்தான் இறங்கும். அக்கா அறிவுரை சொல்ல மாட்டார். எங்க வீட்ல அதுக்குத் தனியா ஒரு ஆள் இருக்காரு என்பார்.

அக்காவுக்கு முதுகுவலி வந்தது ஒரு ஆடி மாசம். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கொஞ்சம் கீழே. சார் கேட்ட மாத்திரத்தில் சொன்னார்: நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிறாய், நாற்காலி உயரம், மேஜை தாழ்வு, கழுத்தை முன்னால் நீட்டுகிறாய். மறுநாளே ஆபீசுக்குப் போய் மேஜைக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு வந்தார். சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை மேலே தூக்குவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது என்று மூன்று பயிற்சி. தினமும் இரண்டு வேளை, வேளைக்குப் பத்து. கிளினிக்கில் எல்லோரும் போன பிறகு கடைசி மேஜையில் படுக்கவைத்து ஒத்தடமும் கரண்டும் வைப்பார். நான் உதவி செய்வேன்.

அக்காவுக்குக் கார்டு போடவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. சொந்தப் பெண்டாட்டிக்கு யாராவது கார்டு போடுவார்களா?

ஐப்பசியில் ஒருநாள் அக்கா பையிலிருந்து நான்கு ரவிக்கைகளை எடுத்தார். எனக்குத் தையல் தெரியும். பக்கத்தில் அரை அரை இஞ்ச் பிடித்துக் கொடு சாந்தி, தொளதொளன்னு இருக்குது என்றார். பிடித்துக் கொடுத்தேன். இளைத்துவிட்டீர்கள் என்றேன். உங்க சார் போடற எக்சர்சைஸ் என்று சிரித்தார். கார்த்திகை முடிவதற்குள் அதே நான்கு ரவிக்கைகள் மறுபடி வந்தன. இந்தத் தடவை நான் ஊசியை எடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். உள்ளே யாருடைய முட்டிக்கோ துண்டைச் சுருட்டி அடியில் வைத்து அழுத்துங்க, அழுத்துங்க, விடுங்க என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ராத்திரியில படுக்க முடியல சாந்தி. படுத்தா உள்ள யாரோ திருகற மாதிரி இருக்குது. ஹாலுக்கு வந்து சேர்ல உக்காந்துட்டே தூங்கறேன்."

சாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் அசந்து தூங்குகிறவர், விடிவதற்குள் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன் என்றார். சொல்லுங்கள் அக்கா, உடனே சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்தார்.

"நாலு மாசமா தினம் என் முதுகுல கை வைக்கிறாரு. நேத்துக்கு இன்னிக்குப் பரவால்லையான்னு கேக்கும்போது அவர் மூஞ்சியப் பாத்திருக்கியா? ஊருக்கெல்லாம் சரியாவுது. எனக்கு ஆவலன்னா அவரால தாங்க முடியாது. தைப் பொங்கல் போகட்டும், நானே சொல்றேன். நீ சொல்லிடாத."

நான் சரி என்றேன்.

எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த நான்கு கேள்விகளை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிற வேலை என்னுடையது. இரண்டுக்கு ஆமாம் என்று பதில் என் மடியிலேயே ரவிக்கையாகக் கிடந்தது. அன்றைக்கு உள்ளே போய், சார், அக்காவுக்கு ஒரு கார்டு போடுங்க என்று சொல்லியிருந்தால் போதும். அக்காவுக்குக் கொடுத்த வார்த்தை என்று நினைத்தேன். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நினைத்தேன். அவரிடம் போய் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து முழுதாகச் சொல்லி முடிக்க முடியுமா என்றும் நினைத்தேன். இத்தனையும் நினைத்துவிட்டு, ரவிக்கைகளை இன்னும் அரை இஞ்ச் பிடித்துக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கடைசி மேஜையில் ஒத்தடம் முடிந்து அக்கா இறங்கினார். கால் தரையில் பட்டதும் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மரத்துப்போச்சா, கொஞ்ச நேரம் உட்கார் என்று சொல்லிக்கொண்டே அவர் வந்தார். நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கி மேஜையில் படுக்கவைத்தோம். முட்டியைத் தட்டிப் பார்க்கிற சிறு சுத்தியின் பிடியால் அக்காவின் உள்ளங்காலில் குதியிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தார். பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பியது. மறுபடி இழுத்தார். அடுத்த காலிலும் இழுத்தார். அது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. முதுகுத்தண்டுக்குள் நரம்பு நசுங்கினால்தான் அப்படி எழும்பும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் பேசிக்கொண்டிருக்கிற அந்த வாய் திறந்தபடி நின்றது.

எப்போதிலிருந்து கால் இப்படி இருக்கிறது என்று கேட்டார். பத்து நாளாக என்றார் அக்கா. சார் உடனே, டாக்சி பார்த்து வாருங்கள் என்று என்னிடம் சொன்னார்.

வேலூருக்கு நானும் கூடப் போனேன். அக்காவின் தலை அவர் மடியில், கால் என் மடியில். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ஊசி குத்தி, இரண்டு நாள் கழித்து எங்களை ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். கேன்சர், மார்பில் ஆரம்பித்து முதுகெலும்புக்கு வந்திருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார். வயதில் சின்னவர், தன்மையானவர். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டார். ராத்திரி வலி எழுப்பியதா? எழுப்பியது என்றார் அக்கா. எடை குறைந்ததா? குறைந்தது. ஜுரம்? சாயங்காலத்தில் கொஞ்சம் இருக்கும். கேள்விகள் எங்கள் கார்டில் இருந்த அதே வரிசையில் வந்தன. அக்கா ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சுவரைப் பார்த்து, சன்னமான குரலில் பதில் சொன்னார். பக்கத்தில் சார் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார், முதுகை வளைத்துக்கொண்டு. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லலியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லல."

அதற்குப் பிறகு அக்கா ஐந்து மாசம் இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. சார் கிளினிக்கை அரை நாளாக்கிவிட்டு மீதி நேரமெல்லாம் வீட்டில் இருந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை அக்காவைப் புரட்டிப் படுக்கவைப்பார். குதிகால் படுக்கையில் படாமல் தலையணை கொடுப்பார். உணர்வில்லாத கால்களை ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டுவார், எண்ணாமல். கடைசிவரை அக்கா உடம்பில் ஒரு புண் வரவில்லை. அவ்வளவு நாள் படுத்த உடம்பில் புண் வராமலிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். மத்தியானங்களில் நான் போவேன். அவர் பேசுவது நின்றுவிட்டிருந்தது. அவர் சமையலறைக்குப் போன சமயம் பார்த்து அக்கா ஒருநாள் என்னைக் குனியச் சொன்னார்.

"நான் உன்கிட்ட சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம் சாந்தி. அப்புறம் அவரால உன்னைப் பாக்க முடியாது. எனக்கப்புறம் அந்தக் கிளினிக்ல அவரோட பேசறதுக்கு நீ ஒருத்திதான் இருக்க."

அதற்கும் சரி என்றேன். ஆனி மாசம் அக்கா போய்விட்டார்.

அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. காரியம் முடிந்து பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது அதைப் பார்த்தேன். பழைய வருடத்துக் காலண்டர். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று தேதிகளைச் சுற்றி அங்கங்கே பேனாவால் வட்டம். என்ன வட்டம் சார் என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். அக்கா பயிற்சி செய்யாமல் விட்ட நாட்கள் என்றார். செய்யாத நாளில் வட்டம் போட்டு மாசக் கடைசியில் காட்டித் திட்டுவாராம். கார்த்திகையில் வட்டங்கள் நிறைய இருந்தன.

"எலும்பு அரிச்சுப்போனவள குப்புறப் படுக்க வச்சு நெஞ்சைத் தூக்கு தூக்குன்னு சொல்லியிருக்கேன்மா. செய்யலன்னு கணக்கு வேற வச்சிருக்கேன்" என்றார்.

அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கிளினிக் மறுபடி முழு நாளும் நடந்தது. ஆள் மட்டும் மாறிவிட்டார். நோயாளி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சொல்லுங்க என்பார். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார். செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இடுப்பில் ஆரம்பித்து, கிணறு வற்றியது, மகன் பெங்களூரில் பேச்சில்லாமல் இருப்பது, மாடு விற்றது வரை முக்கால் மணி நேரம் சொன்னார். கன்னத்தில் கையை வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல், சார் முழுதாகக் கேட்டார். வேற ஏதாவது இருக்குதா என்று கடைசியில் கேட்பார். இல்லை என்றால் மறுபடியும் கேட்பார். வீட்டில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்பது கார்டில் ஐந்தாவது கேள்வியாகச் சேர்ந்தது.

ரோட்டில் சைக்கிளை நிறுத்துவதும் போய்விட்டது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் இடுப்பை வளைத்து டிரங்குப் பெட்டியைத் தூக்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். சாருடைய உதடு அசைந்தது. பிறகு திரும்பி நடந்தார்.

ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பார்த்ததும் சொல்கிற பழைய ஆள் வேண்டியிருந்தது. கொஞ்சம் சந்தேகம் என்றாலும் வேலூர் போகச் சொல்கிறார், கை ராசி போய்விட்டது, பெண்டாட்டியையே காப்பாற்ற முடியாதவர் என்று என் காதுபடவே பேசினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புது மெஷின்களோடு இன்னொரு கிளினிக் வந்தது. பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் மட்டும் ஆப்பிள், சாத்துக்குடியோடு தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வெறும் முதுகுவலி என்று வந்திருந்த அந்த டீச்சரை சார் இரண்டு தடவை கேட்டு, சாயங்கால ஜுரத்தைத் தெரிந்துகொண்டு, தொடாமலே வேலூருக்கு அனுப்பியிருந்தார். முதுகெலும்பில் டி.பி. என்று தெரிந்து, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கால் போயிருக்கும்னாங்க சார் என்றார் டீச்சர், நின்றபடி, நன்றாக நின்றபடி. அவர் தட்டை வாங்கிக்கொண்டார். நல்லா இருங்கம்மா என்றார். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். டீச்சர் போய் வெகுநேரம் ஆகியும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா போய் ஏழாவது வருடம் கிளினிக்கை மூடினார். ஆரணியில் தங்கை வீட்டோடு போகிறேன் என்றார். மெஷினை ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாயிற்று. மேஜைகள் போயின. கடைசி நாள் சாயங்காலம் நான் கூட்டிப் பெருக்கி முடித்தேன். மிஞ்சியிருந்தது பெஞ்சு ஒன்றுதான். அவர் ஒரு பையோடு அதில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் அவரைப் பார்ப்பேனோ இல்லையோ என்று தோன்றியது. இரண்டு தடவை கொடுத்த வார்த்தையையும் நான் மீறினேன். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அக்கா என்னிடம் சொல்லியிருந்தார் சார் என்றேன். ராத்திரி வலியை, சேரில் உட்கார்ந்து தூங்கியதை, நான் இரண்டு முறை ரவிக்கை பிடித்துக் கொடுத்ததை எல்லாம் சொன்னேன். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் ஒரு மாசம் முன்னாலேயே வேலூர் போயிருக்கலாம் என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பயந்தது நடக்கப்போகிறது, இனிமேல் இவர் என்னைப் பார்க்க மாட்டார் என்று காத்திருந்தேன்.

"நீங்க வந்து சொல்லியிருந்தா, உக்காந்து வேலை செய்யறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு உங்களுக்கும் சேர்த்து ரெண்டு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பேன்மா" என்றார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அழுதேன். அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். சந்தில் விளக்குப் போடுகிற நேரம். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"ஏழு வருஷமா ஒண்ணுதான் நெனச்சிக்கினு இருந்தேன். அவ்ளோ வலிய யார்கிட்டயும் சொல்லாம ஒண்டியாவே இருந்துட்டாளேன்னு. உங்ககிட்டயாவது சொன்னாளே."

பிறகு, வேறு என்னவெல்லாம் சொன்னாள் என்று கேட்டார். சேரில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் அக்கா என்ன செய்வார், எதை நினைத்துக்கொள்வார், அழுவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு நினைவிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவரைப் பற்றி அக்கா சொல்லிச் சிரித்ததையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்தபோது ஆரணி பஸ் இரண்டு போயிருந்தன. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். மறுபடியும் கேட்டார்.